முட்டை போடாத கேக்

அவள் கண்களைத்தான் அவன் முதலில் பார்த்தான். வேறு எதையும் பார்க்க வழியில்லை... முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்தது. மீதியில் பாதியைச் சேறு மறைத்திருந்தது.

அந்தச் சேற்றை வாரி அடித்ததே அவனுடைய ஆம்புலன்ஸ்தான். 2010 ஆகஸ்ட் மழை. நெய்வேலி டவுன்ஷிப் சாலையில் தண்ணீரே நிற்காது என்று பெருமை பேசுகிறவர்கள் அந்த பிளாக் முனைக்கு வந்து பார்க்க வேண்டும். வண்டி ஓட்டிய ஃபெலிக்ஸுக்குப் பள்ளம் தெரியும். குடைக்குள் நடந்துபோன பெண்தான் தெரியவில்லை.

இறங்கி ஓடிவந்தான். "சாரிங்க... கவனிக்கலைங்க."

"என் மேல பட்டதைத் தொவச்சுக்கலாம்," என்றாள் அவள், நெஞ்சோடு அணைத்திருந்த நீலப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே. "இதுக்குள்ள போயிருந்தா உங்களை என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது."

கோபத்தில் அந்தக் கண்கள் இன்னும் பெரிதாயின. மன்னிப்புக் கேட்க வந்தவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். சே... என்ன இது?

"ஏறுங்க, எறக்கி வுடறேன். அப்பிடி என்னங்க இருக்குது பொட்டியில?"

"பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி."

ஃபெலிக்ஸின் முகம் மாறியது. "ஓ... எங்க தலையில கட்டப்போற ஊசியா?"

அவள் பெயர் வினோலியா. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ். உலகத்தையே சுற்றிவிட்டு வந்த அந்த நோய், வார்டின் எட்டுக் கட்டில்களிலும் படுத்திருந்தது. அங்கே கூட்டுவதிலிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டுவதுவரை வேலை செய்யும் நாற்பது பேருக்கும் மூன்று நாளில் ஊசி போட்டுவிட வேண்டும். வற்புறுத்தக் கூடாது, கேட்டுத்தான் போட வேண்டும். முதல் நாள் ஒருவர்கூட வரவில்லை.

ஏனென்றால் நாற்பது பேரும் கான்ட்ராக்ட். தீபாவளி இனிப்போ மழைக்கோட்டோ, எதுவானாலும் பெர்மனன்ட் ஆட்களுக்குப் போய் மிச்சமிருந்தால்தான் அவர்களுக்கு. ஊசிக்கு மட்டும் பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் இருந்தது. சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"நல்லது எதுவும் எங்களுக்கு மொதல்ல வந்ததில்லைங்க," என்றான் ஃபெலிக்ஸ், இரண்டாம் நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் நின்று. "வந்தா அதுல ஏதோ இருக்குது. சரி, அத வுடுங்க... நீங்க போட்டுக்கினீங்களா?"

மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண்கள் தாழ்ந்தன. "இல்ல."

"பாத்துக்க," என்றாள் வார்டு கூட்டும் சாமியம்மாள். கூட்டம் கலைந்தது. வினோலியா காரணம் எதுவும் சொல்லவில்லை. ஃபெலிக்ஸ் ஜெயித்துவிட்டான்தான். ஆனால்... அந்தக் கண்கள் ஏன் அப்படித் தாழ்ந்தன?

அன்று பிற்பகலே மூச்சு முட்டிய ஒரு நோயாளியைக் கடலூருக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஓட்டியவன் ஃபெலிக்ஸ், உடன் போனவள் வினோலியா. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனான். அந்த மனிதர் இருமும்போதெல்லாம் அவள் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தாளே தவிர, ஒருமுறைகூட முகத்தைத் திருப்பவில்லை. ஊசியும் போட்டுக்கொள்ளாமல்... எப்படி முடிகிறது இவளால்?

திரும்பும் வழியில் குள்ளஞ்சாவடியில் வண்டியை நிறுத்தினான். பேக்கரி வாசலில் அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். முழு முகத்தையும் அவன் அப்போதுதான் பார்த்தான். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய சிவந்த கோடு... அதுவும் அழகாகத்தான் இருந்தது. சமாதானத்துக்கு டீயும் ஒரு துண்டு கேக்கும் வாங்கி வந்தான். அவள் டீயை எடுத்துக்கொண்டு கேக்கைத் தள்ளி வைத்தாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. "கான்ட்ராக்ட் ஆளு வாங்கிக் குடுத்தா எறங்காதுங்களா?"

"முட்டை போட்டிருப்பாங்க, ஃபெலிக்ஸ்." அவள் குரலில் கோபமில்லை. "ஆறு வயசுல பர்த்டே கேக் சாப்பிட்டுத் தொண்டை அடைச்சு, உயிர் போய்த் திரும்பி வந்துச்சு. இந்தத் தடுப்பூசியை முட்டையில வளர்த்துதான் செய்றாங்க. என்னை மாதிரி ஆளுங்க போட்டுக்கக் கூடாது. மத்தவங்களுக்கு அதனால ஒண்ணுமில்ல."

"இத காலையிலயே சொல்றதுதானுங்க?"

"பயந்து நிக்கிறவங்ககிட்ட முட்டை, தொண்டைன்னு சொன்னா அது மட்டும்தான் காதுல விழும். அப்புறம்... என்னைப் பாவம்னு பார்ப்பாங்க. அது எனக்குப் பிடிக்காது."

"அப்ப எந்தத் தைரியத்துல அங்க நிக்கிறீங்க?"

அவள் டீயை ஊதினாள். "சுத்தி இருக்கிற நாப்பது பேரும் போட்டுக்கிட்டா, காய்ச்சல் என்கிட்ட வர்ற வழி குறையும். உங்க கையில போடறதுதான் எனக்கும் ஊசி."

ஃபெலிக்ஸ் அந்தக் கேக்கை அவளிடமிருந்து இன்னும் தள்ளி வைத்தான். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்னக் குரலில் சொல்ல முடியுமா? காலையில் தான் போட்ட கூச்சல் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"நாங்க எதையும் தாங்கிக்குவோங்க," என்றான் மெதுவாக. "மறைச்சா மட்டும் தாங்க மாட்டோம். நாளைக்குச் சொல்லிடுங்க. நான் உங்களப் பாவம்னா பாக்கறேன்?"

அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். பாவம் பார்க்கிற கண்கள் இல்லை அவை. வேறு என்னவோ... சட்டென்று டீ கிளாஸுக்குள் பார்வையை இறக்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொன்னாள். "ஊசி போட்ட எடம் வலிக்கும், ஒருநாள் உடம்பு காயலாம். முட்டை ஒத்துக்காதவங்க முன்னாடியே சொல்லிடுங்க. எனக்கு ஒத்துக்காது, அதனாலதான் போட்டுக்கல. உங்க பேரு ஏன் மொதல்லன்னு கேட்டீங்க. டாக்டர் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுறாரு. நோயாளியைத் தூக்குறது, தொடைக்கிறது, படுக்கை மாத்துறது நீங்க... அதான்."

யாரும் முன்னால் வரவில்லை. அவள் மனம் சோர்ந்துபோனது. அப்போது சாமியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"தெனமும் ஒனக்கு டீ கொண்டாந்து பக்கத்துல நின்னு கதை பேசறவ நானு. எம் மூச்சு ஒன் மேலதான படுது? போடு தாயீ."

அவளுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ராஜாங்கம். அவருக்குப் பின்னால் இருவர்... பிறகு கதவைத் தாண்டி வராந்தா முழுக்க வரிசை. தனக்காகவா இத்தனை பேர் என்று வினோலியாவுக்குத் திகைப்பு. ஒவ்வொரு கையாக நீண்டது... காய்த்த கைகள், பச்சை குத்திய கைகள். தான் வாழ்நாளில் போட்டுக்கொள்ள முடியாத ஊசியை இவர்கள் தனக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். கண்ணில் நீர் கட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நாற்பதாவது ஆளாக ஃபெலிக்ஸ் வந்து உட்கார்ந்தான்.

"என்ன, தலைவர் கடைசில?"

"பயங்க."

"எதுக்கு?"

"ஊசிக்குத்தான்... சின்ன வயசுலேருந்தே."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"முடிஞ்சிச்சுங்களா?"

"முடிஞ்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. எழுந்திரிங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. "வடலூர்ல ஒரு பேக்கரிங்க. வள்ளலார் ஊருன்னு முட்டையே சேக்கறதில்ல. காலையில போய்க் கேட்டுக்கினு வந்தேன்... மூணு அடுக்கு கேக் செஞ்சு தருவாங்களாம்."

"மூணு அடுக்கா? யாருக்குக் கல்யாணம்?"

ஊசிக்குக்கூட அவ்வளவு வியர்க்கவில்லை அவனுக்கு. "எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க. நீங்க சரின்னா... நமக்கு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் பஞ்சை அவன் கையில் வைத்து, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

"எங்கப்பா பெர்மனன்ட். அவருகிட்டகூட இன்னும் சொல்லல," என்றாள். "நல்லது எதுவும் மொதல்ல வந்ததில்லன்னீங்களே... உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். சரி."