சத்தம் போடாத வில்

"வெ...ர்ன்!"

மார்லிஸ் போட்ட அலறலில் சோளக் கொல்லையில் இருந்த காட்டு வாத்துகள் மொத்தமாய் எழும்பிப் பறந்தன.

காட்டோரத்து ஓக் மரத்தடியில், பனியில், அவளுடைய புருஷன் வெர்ன் ஸ்டூபெக் குப்புறக் கிடந்தார். பக்கவாட்டில் ஓர் அம்பு!

சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மரம் கூப்பிடு தூரம்தான். முட்டை பொரித்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மார்லிஸ். மான் நடமாட்டம் பார்க்க மரத்தில் கட்டியிருந்த கேமராவைத் திறந்தார். நிமிர்ந்தார். விழுந்தார்.

ஒரு சத்தமில்லை!

வாசலில் படுத்திருந்த நாய்கூடக் காதைத் தூக்கவில்லை.

இருபது நிமிடத்தில் ஹெலிகாப்டர் வந்து வெர்னைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருடைய மருமகன் கோல்ட்டன் கையில் விலங்கு விழுந்தது.

"இந்த ஜில்லாவுலயே சத்தம் போடாத வில்லு ஒண்ணே ஒண்ணுதான்டா... அது உன்னோடது!" ஷெரிஃப் ஹாவ்கன் மேஜையைத் தட்டினார். "நாணுக்கு ரப்பர் குஞ்சம், வில்லோட ரெண்டு கைக்கும் ரப்பர் கட்டை, அம்பு உட்கார்ற இடத்துல கம்பளித் துணி... ரெண்டு வாரமா ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே! மாமனாரைக் கொல்லத்தானா?"

"மானுக்கு சார்! சத்தம் கேட்டா மான் மிரண்டுடும், அதுக்காகத்தான்!"

"அம்பும் உன்னோடது."

"அம்பு வில்லோடவே மாட்டியிருக்கும் சார். வில்லு எங்க காட்டு கேபின் ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. பூட்டுகூடக் கிடையாது!"

"நீ எங்க இருந்தே?"

"ட்ரக்குல தூங்கிட்டிருந்தேன்..."

"யாரு பார்த்தா?"

"தூங்கறவனை யாரு சார் பார்ப்பா?"

ஷெரிஃப் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடியிருக்கறப்போ உன் மாமனாரு உன்னைப் பார்த்துக் கத்தினாரே?"

"'மான் வேட்டைன்னு என் மரத்துல ஏணி கட்டினா காலை ஒடிச்சிருவேன்'னாரு. அது அவரு தினமும் சொல்றது சார்..."

இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். விஸ்கான்சின் மாநிலத்தில் தூக்குக் கிடையாது, வாஸ்தவம்தான். ஆனால் சாகும்வரை ஜெயில் உண்டே!

மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள் துப்பறியும் அதிகாரி இங்க்ரிட் நைகார்ட். வந்தவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, நேராக ஸ்டேஷனுக்கு வந்து ஒரே வாக்கியம் சொன்னாள்.

"வெர்ன் இறந்துட்டார்."

கோல்ட்டன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். பாவமாய் இருந்தது. ஷெரிஃபே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க அந்த கேபினுக்கு வரணும் ஷெரிஃப். இவனையும் கூட்டிட்டு வாங்க. வில்லையும் எடுத்துக்குங்க. கேபின்ல வேற யாரு தங்குவாங்க?"

"மார்லிஸோட தம்பி டுவெய்ன் மட்டும்தான். நல்ல மனுஷன்."

அந்த நல்ல மனுஷன் கேபின் வாசலில் காபியோடு நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அத்தான் போன துக்கம் மேடம்... தூக்கமே வரல."

"சின்ன வேலைதான் சார்." இங்க்ரிட் ஒரு கருவியை முக்காலியில் பொருத்தினாள். "சத்தம் அளக்கற மெஷின். கொலை நடந்தப்போ சத்தமே கேக்கலைன்னு உங்க அக்கா சொல்றாங்க. இவன் வில்லு, உங்க வில்லு ரெண்டையும் அளந்துட்டா கேஸ் முடிஞ்சிடும். அதோ அந்தப் பொம்மை மான்... முப்பது கஜம். உசுருள்ள மானை எப்படி அடிப்பீங்களோ, அப்படியே அடிங்க."

"கொலைகாரன் கையில வில்லைக் குடுக்கப் போறீங்களா?!" ஷெரிஃப் அலறினார்.

"ஒரே ஒரு அம்பு."

ஷெரிஃப் துப்பாக்கியை உருவிக் கோல்ட்டனின் முதுகுக்கு நீட்டினார். விலங்கு கழன்றது. பையன் வில்லைத் தூக்கினான். நாணை இழுத்தான்... மூச்சை அடக்கினான்...

ஃப்ஸ்!

அவ்வளவுதான். கருவியின் முள் லேசாய் அசைந்து படுத்துக்கொண்டது.

அம்பு பொம்மை மானின் நெஞ்சு நடுவில்!

"இதுக்கு மேல என்ன மேடம் சாட்சி வேணும்?" டுவெய்ன் பெருமூச்சு விட்டார்.

"உங்க முறை சார்."

டுவெய்னின் வில்லுக்கு இருபது வயது. அவர் இழுக்கும்போதே அம்பு கம்பியில் உரசிக் கிறீச்சிட்டது.

ட்டாங்ங்!

பாத்திரக் கடையில் பூனை புகுந்த சத்தம்! முள் எகிறியது. அம்பு மானின் நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே, வயிற்றை ஒட்டிப் பறந்து பின்னாலிருந்த வைக்கோல் கட்டில் செருகியது.

"குறி தப்பிடுச்சே சார்?"

"தப்பறதா? நானா?" டுவெய்னுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்களுக்கு வேட்டை தெரியாது மேடம். நாண் சத்தம் கேட்டதும் மான் ஓடறதுக்காகக் காலை மடக்கிக் குனியும். அதுக்குத்தான் ஒரு சாண் கீழ விடணும். குனியற நெஞ்சு தானா வந்து அம்புல மாட்டும். முப்பது வருஷப் பழக்கம்! கையே தானா கீழ போகும்!"

"கோல்ட்டன், நீ ஏன் கீழ விடல?"

"என் வில்லுக்கு எதுக்கு மேடம்? மானுக்குக் கேக்கவே கேக்காது. நின்ன இடத்துலயே நிக்கும். அதனால நேரா விடுவேன்."

இங்க்ரிட் கருவியின் பக்கமே திரும்பவில்லை. அது அங்கே சும்மா ஒப்புக்குத்தான் நின்றது.

"வெர்ன் உடம்புல அம்பு எங்க இருந்துச்சு ஷெரிஃப்?"

ஷெரிஃப் மெதுவாய்ச் சொன்னார். "நெஞ்சுக்கு நேர்... ஒரு சாண் கீழ."

டுவெய்ன் மறுபடி கையிலெடுத்த காபிக் கோப்பை பனியில் விழுந்தது.

"இந்தக் காடு உங்க பேர்லயும் வெர்ன் பேர்லயும் சேர்ந்து இருக்கு. நீங்க விக்கணும்னீங்க, அவரு மாட்டேன்னாரு. ஒருத்தர் போனா மத்தவருக்கு முழுசா." இங்க்ரிட் நெருங்கினாள். "பையன் மேல பழி விழணும்னு அவன் வில்லைத் தூக்கிட்டுப் போனீங்க. உங்க பழக்கமும் கூடவே வந்துடுச்சு."

"பழக்கம் என்ன கையெழுத்தா, பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க? கோர்ட்டுல சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒருத்தர் உங்ககிட்டப் பேசணுமாம்."

செல்போனை அழுத்தி எல்லோருக்கும் கேட்கும்படி நீட்டினாள்.

"ஹலோ..." கரகரத்த குரல்.

"மாமா!" கோல்ட்டன் கத்தினான்.

"வ... வெர்ன்?!" டுவெய்னின் முகம் வெளிறியது. "உசுரோடவா? அதெப்படி... நெஞ்சுக்குக் குறி வெச்சுத்தானே விட்டேன்..."

சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினார்!

ஷெரிஃபின் துப்பாக்கி இடம் மாறியது. கழற்றிய விலங்கு வேறு கைகளில் ஏறியது.

"பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ கோல்ட்டன்," என்றாள் இங்க்ரிட். "அம்பு குடலைத் தொடல. உன் பெண்டாட்டியும் மாமியாரும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க. போனை அணைச்சு வெக்கச் சொன்னது நான்தான்."

 கோல்ட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினான்.

போனில் வெர்ன் இருமினார்.

"டேய் மச்சான்! உன் ஓட்டை வில்லையே எடுத்துட்டு வந்திருக்கக் கூடாது? சத்தம் கேட்டு நானே குனிஞ்சு, அழகா நெஞ்சுல வாங்கிட்டுச் செத்திருப்பேனேடா!"