இலேசான பக்கம்

அன்று மழை மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சோமசேகரம் நேரே வீட்டுக்குப் போயிருப்பான். ஐப்பசி மழை யாருக்காகப் பொறுத்தது? கிற்றார்ப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி வில்லியத்தின் வாத்தியக் கடைக்குள் பாய்ந்தான். பெட்டியின் முனை பட்டு, உள்ளே நின்றவளின் கையிலிருந்த சுரக்குறித் தாள்களெல்லாம் தரையில் சிதறின.

"கண் என்ன பிடரியிலையோ?"

பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்தான். கோபமான கண்கள்தான்... ஆனால் அந்தக் கோபத்துக்குள் எங்கோ ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. பாவி, அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான்.

அவள் சுகிர்தம். மிஷன் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர்; அங்கிருந்த வெள்ளைக்கார அம்மாவிடம் கிற்றார் பழகியவள். அவனோ அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மாற்றலாகிப் போன துரை விட்டுச்சென்ற கிற்றாரும், அவர் சொல்லிக்கொடுத்த அரைகுறைச் சுரக்குறிப் படிப்பும்தான் அவனுடைய கைமுதல்.

"பழகத் தொடங்கிறதுக்கு நல்லதாய் ஏதும் எடுத்துத் தாங்கோவன், ரீச்சர்."

மழை விடுகிற பாடாயில்லை. அவளும் தட்டிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது வேண்டாம், விரல் நோகும்... இது பரவாயில்லை... ஆ, இது! இடக்கை ஒரே இடத்திலை நிக்கும்." ஓர் உறையிலிருந்து இரண்டு தாளை எடுத்து, ஒன்றை அவனிடம் நீட்டினாள். மற்றதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "மார்கழியிலை நத்தார்ப் பண்டிகைக்கு எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு சங்கீதக் கச்சேரி. இதை வாசிப்பியளோ? அதுக்கு முன்னம் ஒத்திகைக்கு வாங்கோ."

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாதி இடம் வெறுமையாய்க் கிடக்கே! சும்மா இருக்கிறதுக்கும் ஒரு தாளோ?"

"சும்மா இருக்கிறதும் வாசிப்புத்தான், கிளாக்கர்."

மேளத்துக்குப் பேர்போன அளவெட்டிக்காரன் அவன். கோயில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. அவனுக்கா இந்தப் பாலர் வகுப்புப் பாடம்? அதைப் பெட்டிக்குள் செருகிவிட்டு, தட்டிலிருந்து எறும்பு மொய்த்ததுபோல் சுரங்கள் நெருங்கிய ஒன்றை உருவி எடுத்தான். "நத்தாருக்கு இதைத்தான் வாசிப்பன்."

"அகலக்கால் வைக்கிறியள்..." என்று அவள் சிரித்தாள். அன்பான சிரிப்புத்தான். அவனுக்கு அது ஏளனமாகப்பட்டது. அதுதான் தலைவிதி.

ஒத்திகைக்கு அவன் போகவில்லை. அவள் ஆள்விட்டுக் கேட்டபோதும் "தேவையில்லை" என்று சொல்லியனுப்பினான். நத்தார் மாலையில், சபை நிறைந்த மண்டபத்தில், பாதி வழியில் அவனுடைய விரல்கள் பின்னிக்கொண்டன. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அதே இடத்தில் திரும்பவும் நின்றான். யாரோ இருமினார்கள். எழுந்து உள்ளே போய்விட்டான்.

சுகிர்தம் பின்னாலேயே ஓடிவந்தாள். "பரவாயில்லை... அந்தச் சின்னதை வாசிப்பம். நானும்..."

"அதைச் சின்னப்பிள்ளையளுக்குக் குடுங்கோ, ரீச்சர்!"

அவள் கையில் ஏன் ஒரு கிற்றார் இருந்தது என்று அவன் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கி நடந்தான்.

மறுநாளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அதற்குப் பதிலாக அவள் தந்த அந்த இலேசான தாளை எடுத்து வைத்துப் பழகினான். அதைப் பிசகில்லாமல் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பிறகு மனசைச் சொல்லிவிட வேண்டும்... இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நாளைத் தள்ளினான். எவ்வளவு திருத்தமாக வாசித்தாலும் அந்தக் காதுக்கு ஏதோ குறைந்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த ஐப்பசி வந்தது. அதே கடை, அதே மழை. பெட்டியோடு அவன் ஒதுங்கி நின்றபோது, கிற்றார்க் கம்பி வாங்கவென்று வந்து நின்றாள் சுகிர்தம்.

"ரீச்சர்... ஒருக்கால் இதைக் கேட்டிட்டுப் போங்கோ."

வாசித்தான். முதல் வெறுமை வந்தது. விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். அப்போது பக்கத்தில் இன்னொரு கிற்றார் பேசியது! சுவரில் தொங்கிய வாத்தியத்தை எடுத்து, தாளே இல்லாமல் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்ற இடமெல்லாம் அவளுடைய விரல்கள் ஓடின. அவன் வாசித்த இடத்தில் அவள் அடங்கித் துணை நின்றாள். வருஷம் முழுக்கக் குறைந்தது என்னவென்று அந்தக் காதுக்கு இப்போது தெரிந்தது.

"இது... ரெண்டு பேருக்கோ?"

"ஓம். இலேசான பக்கம் உங்களுக்கு, கஷ்டமான பக்கம் எனக்கு. அப்பிடித்தான் பிரிச்சு எடுத்தன். ஒத்திகையிலை சொல்லுவம் எண்டு இருந்தன்... நீங்கள் வரேல்லை."

"என்னைக் குறைச்சு மதிச்சிட்டியள் எண்டெல்லோ நான்..." கிற்றாரைப் பெட்டிமேல் வைத்தான். "சுகிர்தம், நான் உங்களை விரும்பினன். இந்த இடத்திலை, அண்டைக்கே. இண்டைக்கும் விரும்புறன்."

வில்லியம் துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கிற்றாரைச் சுவரில் மாட்டினாள். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"நானும்தான்," என்றாள். "நாங்கள் கிறிஸ்தவர், நீங்கள் சைவம் எண்டு அப்பா குதிச்சிருப்பார். குதிக்கட்டும், நான் நிண்டு பிடிச்சிருப்பன். ஆனால் ஆருக்காக நிக்கிறது? ஒரு வருஷமாய் ஆளைக் காணேல்லையே... கோலாலம்பூரிலை ஒரு றெயில்வே மாப்பிள்ளை. வாற கிழமை கப்பல்."

"இன்னும் பிந்தேல்லை எண்டு சொல்லுங்கோ..."

"வாக்குக் குடுத்திட்டன்."

குடையை விரித்து வாசலில் இறங்கியவள் ஒரு கணம் நின்றாள்.

"கிற்றாரை விட்டிடாதையுங்கோ, கிளாக்கர். இனி எவ்வளவு கஷ்டமானதையும் எடுங்கோ... தனியத்தானே வாசிக்கப் போறியள்."