இன்மைக் கண்ணாடி

கண்ணாடி ஏழு சேலைக்காரிகளை ஊரிலிருந்து அழித்துக் காட்டியது. ஊர் அப்படியே இருந்தது. பேருந்துகள் ஓடின, குழாயடியில் சண்டை நடந்தது. சில பெண்கள் மட்டும் பழைய சேலையில் தெரிந்தார்கள். அரங்கமே சிரித்தது.

"பாத்துக்கிட்டீங்களா?" என்றார் பயன்கணிப்பு ஆணையர் வாகீசன், எதிரே நின்ற பிலோமினாவைக் காட்டி. "இந்தம்மாவோட அமைப்பு இல்லாமப் போனா ஊருக்கு நாலு புதுச்சேலைதான் நஷ்டம். இதுக்கு அரசாங்கம் செலவு பண்ணணுமா? மதிப்பு பூஜ்யம்."

எதையும் கடந்த காலத்திலிருந்து உருவிவிட்டு, அது இல்லாதிருந்தால் இன்று ஊர் எப்படி இருக்கும் என்று காட்டுவதுதான் இன்மைக் கண்ணாடி. பாலமோ பள்ளிக்கூடமோ, அதன் முன் நின்று தேறாமல் எதுவும் பிழைக்க முடியாது. மனிதர் பொய் சொல்வார், கண்ணாடி சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கம்பங்களில் இருந்த கேமராக்களான தெருவிழிகள் பார்த்ததையும் பதிவேடுகள் சொன்னதையும் தவிர அந்தக் கண்ணாடிக்கு ஒன்றும் தெரியாது.

தெருவிழிகள் பார்த்தது, பிலோமினாவும் அவளுடைய ஆறு தோழிகளும் தவணைச் சேலை மூட்டையோடு வீடு வீடாக ஏறியதை. மூட்டைக்குள் மடித்த சேலைக்கு நடுவே எச்.ஐ.வி மாத்திரை இருந்தது. ஏழு பேருக்குமே அந்தக் கிருமி உண்டு. செங்குளத்தில் ஒரு வாசலில் சுகாதாரப் பணியாளர் ஏறினால், பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளையோடு யாரும் விளையாட வரமாட்டார்கள். அதனால்தான் சேலை. எதையும் எழுதி வைப்பதில்லை என்பது அவர்களுடைய முதல் சட்டம்.

"மாத்திரை குடுத்தோம்னு சொல்றீங்களே, யார் யாருக்கு? பேரைச் சொல்லுங்க, கண்ணாடிக்கு ஊட்டுறேன்" என்றார் வாகீசன்.

பிலோமினா வாயைத் திறக்கவில்லை. அமைப்பை இழுத்து மூடினார்கள்.

மாற்றாகப் பேருந்து நிலையத்தில் ஒரு மருந்துக்கூண்டு வந்தது. முகத்தைக் காட்டினால் மாத்திரை விழும், செலவும் பாதிக்குப் பாதி குறைவு. கூண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. நாளெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை? பிலோமினாவிடம் மாத்திரை வாங்கிவந்த ஜெயக்கொடி முக்காடு போட்டுக்கொண்டு பலமுறை கூண்டுவரை போனாள். ஒவ்வொரு முறையும் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பிறகு மாத்திரை நின்ற உடம்பில் காசநோய் வந்தது. அவளைப் புதைத்த அன்று பிலோமினா அழவில்லை. அந்த ஆணையரைச் சந்தி சிரிக்க வைக்காமல் சாகமாட்டேன் என்று குழிமேட்டில் நின்று சபதம் செய்தாள்.

சபதத்துக்கு வழி வாகீசன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய மனைவி சுகந்தி, பிலோமினாவிடம் வெகுகாலமாய்ச் சேலை எடுப்பவள். வாகீசனிடமிருந்துதான் அவளுக்கு நோய் வந்தது. வெளியே மூச்சுவிட்டால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டியிருந்தார். மருந்துக்கும் நீயே வழி பார் என்று விட்டுவிட்டார். மதுரையில் ஒரு டாக்டர் ரகசியமாகத் தருகிறார் என்று அவள் சொன்னதை நம்பி, அவளோடு சேர்ந்து அவரும் விழுங்கிவந்தார்.

"மிச்சம் பிடிச்சு வச்ச மருந்து இந்த மாசத்துக்குத்தான் வரும்க்கா" என்றாள் சுகந்தி. "அப்புறம் ரெண்டு பேரும் சாக வேண்டியதுதான். சொன்னா அவரு கொன்னுடுவாரு."

பிலோமினா இடுப்பிலிருந்து செவிச்சிமிழை எடுத்தாள். மேல்முறையீட்டுக்காக ஆணையமே கொடுக்கும் கருவி அது. அதில் சொன்னது கண்ணாடியின் காதுக்கு மட்டும் போகும், மனிதக் காதுக்குப் போகாது. "நீ அவர்ட்ட சொல்ல வேணாம் சுகந்தி. இதுல சொல்லு. ஆனா கண்ணாடியில எல்லார் முன்னாடியும் அவரைப் பத்தி என்ன தெரியும்னு உனக்கே புரியும்ல?"

சுகந்தி எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். "புரியுதுக்கா. தெரியட்டும்" என்று சிமிழை வாங்கிக்கொண்டாள்.

ஏழு பேரும் பழைய வீடுகளுக்கெல்லாம் ஏறினார்கள். சம்மதித்தவர்கள் சிமிழில் பேசினார்கள். விசாரணை நாளில் யாரும் அரங்கப் பக்கம் தலைகாட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பிலோமினா தனியாகப் போனாள்.

தனி அறையில் பார்க்கலாமா என்று ஆணையரின் உதவியாளர் கேட்டார். வாகீசன் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் பாக்கட்டும். போன தடவை சிரிச்சது பத்தலை போல இருக்கு."

கண்ணாடி முதலில் தெருக்களைக் காட்டியது. பூட்டிய வீடுகள், விடுதிக்குப் போன பிள்ளைகள், கல்லறைத் தோட்டத்தில் புதுச் சிலுவைகள். பிறகு கண்ணாடி இதே அரங்கைக் காட்டியது. மேடையில் ஆணையரின் நாற்காலி காலியாக இருந்தது.

பிலோமினாவுக்கு உள்ளங்கால்வரை இனித்தது. வாகீசனின் முகம் வெளுத்ததை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். உதவியாளர் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார். இந்த மாதிரித் தள்ளிப்போன நாற்காலிகளை வாழ்நாளெல்லாம் பார்த்தவள் அவள். இன்றுதான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். இருக்கட்டும், ஜெயக்கொடிக்காக என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் யாருடைய பார்வையும் வாகீசன்மேல் இல்லை. எல்லோரும் கண்ணாடியில் வேறு காலி நாற்காலிகளைத் தேடினார்கள். மூன்றாவது வரிசையில் ஒன்று காலி. அங்கே உண்மையில் உட்கார்ந்திருந்த ஆணையத்தின் தட்டச்சுக்காரப் பெண் எழுந்து ஓட வழியில்லாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். பிலோமினாவுக்கு அவளைத் தெரியாது. தோழிகளில் யாரோ ஒருத்தி மாத்திரை கொடுத்துவந்த வீடாக இருக்கும்.

"எங்க தெருவைக் காட்டுங்க!" என்று ஒருவர் கத்தினார். "எங்க பள்ளிக்கூடத்தக் காட்டுங்க, எந்தப் பிள்ளைன்னு தெரியணும்!" என்று இன்னொருவர். கூட்டம் மேடையை நெருக்கியது.

அவள் கேட்டது ஓர் ஆளின் மானம். கண்ணாடி ஊரின் மானத்தையே வாரிக்கொண்டு வந்து நின்றது. பிலோமினா மேடையேறிக் கண்ணாடியின் அடியிலிருந்த மின்கம்பியையும் நினைவுப்பேழையையும் சேர்த்துப் பிடுங்கினாள். பேழையைத் தரையில் போட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியால் அது தூளாகும்வரை அடித்தாள். சிமிழில் சொன்ன சாட்சியங்கள் எல்லாம் அதோடு போயின.

"விசாரணை பாதியில நின்னா பழைய தீர்ப்புதான்" என்றார் உதவியாளர், தள்ளி நின்றபடியே. "பூஜ்யம்னு எழுதிரவா சார்?"

வாகீசன் நாற்காலியை விட்டு எழுந்தார். பிலோமினாவின் அருகில் வந்தார். "யாரு?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "என்னைப் பத்தி யாரு சொன்னது?"

"யாருன்னு சொல்ற ஆளா நான் இருந்திருந்தா," என்றாள் பிலோமினா, "யாரும் என்கிட்ட மருந்து வாங்கியிருக்க மாட்டாங்க. இதைக் கேக்க இன்னைக்கு நீங்க உயிரோட இருந்திருக்க மாட்டீங்க சார்."