சிவப்புச் சீட்டும் வெள்ளை நூலும்

"நான் கண்டுபிடிச்ச இனம் நிஜமான்னு அளந்து பார்க்க நாலு மணிக்கு நிபுணர் குழு வருது. அதுக்குள்ள என் குருவி கிடைக்கலேன்னா, என்னைப் பொய்க்காரின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க," என்றார் அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக் காப்பாட்சியர். சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் ஓர் இழுப்பறையை இழுத்துத் திறந்தார்.

துப்பறிவாளர் இழுப்பறைக்குள் குனிந்தார். பஞ்சடைத்த சாம்பல் குருவி ஒன்று மல்லாந்து கிடந்தது. காலில் சிவப்புச் சீட்டு. ஓர் இனத்துக்குப் பெயர் சூட்ட ஆதாரமாக இருந்த உடலுக்கு மட்டுமே அந்தச் சிவப்பு. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு குருவியைப் பிடித்து, உரித்து, புதிய இனம் என்று உலகத்துக்கு நிரூபித்தவர் அந்த அம்மாள்தான். அது வாழ்ந்த காடு இப்போது அணை நீருக்கடியில். இன்னொரு குருவிக்கு எங்கே போவது?

"இது என்னுது இல்லீங்க. சாதாரண வகை. இறக்கை ஆறு மில்லிமீட்டர் குட்டை. யாரோ மாத்திட்டாங்க. இயக்குநருக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"அத்தான், இயக்குநரேதான்! அவர் அறையைச் சோதிச்சிடலாமா?" துப்பறிவாளரின் மைத்துனர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். எந்த வழக்கானாலும் அவருக்கு ஐந்து நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிடுவார்.

"கொஞ்சம் சும்மா இருங்க மாப்ளே. அம்மா, சீட்டு கொழுப்பு ஊறிப் பழுப்பேறிக் கிடக்கு. கட்டின நூல் மட்டும் ஏன் பால் வெள்ளையா இருக்கு?"

"வெட்டி, மறுபடி கட்டியிருக்காங்க."

"சீட்டு இல்லாத குருவியை விற்க முடியுமா?"

"எங்கே, எப்போ பிடிச்சதுன்னு தெரியாத உடல் குப்பைக்குச் சமம். யாரும் சீண்ட மாட்டாங்க."

"அப்போ இது திருட்டு இல்லை, மறைப்பு. சாதாரண வகையெல்லாம் எங்கே வைப்பீங்க?"

"ஒன்பதாம் அலமாரி. அறுபது இருக்கு."

எண்ணினார்கள். அறுபதும் இருந்தன.

"ஒண்ணு இங்கே வந்திருக்கு, ஆனா அங்கே குறையலை. காலி இடத்தை யாரோ நிரப்பியிருக்காங்க. வெள்ளை நூலைத் தேடுங்க."

மணி மூன்றே முக்கால். பெற்ற மகளின் பிறந்தநாளைவிட இந்த இழுப்பறை எண்கள்தாம் காப்பாட்சியருக்கு மனப்பாடம். ஒவ்வொரு குருவியின் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பத்தோராவது குருவியின் காலில் புது நூல். எடுத்தார். தலை தனியாகக் கையோடு வந்தது.

"வெளியாள் தூக்கி எறிஞ்சிருப்பான்," என்றார் துப்பறிவாளர், திரும்பாமலே. "சீட்டு கட்டி, முறையா மல்லாத்தி வச்சது உங்ககிட்ட வேலை கத்துக்கிட்ட கை."

கதவோரம் நின்ற உதவியாளன் முகத்தைப் பொத்திக்கொண்டான். பன்னிரண்டு வருடம் காப்பாட்சியரின் கூடவே இருந்தவன்.

"போன மாசம் கை தவறி விழுந்து கழுத்து முறிஞ்சிடுச்சு மேடம். தூக்கிப்போடவும் மனசு வரலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"ஒரு இறகு உதிர்ந்தாலும் என் மூஞ்சியிலயே முழிக்காதேன்னு முதல் நாளே சொன்னீங்க."

சொன்னதுதான். அன்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவன் பன்னிரண்டு வருடமாகச் சிரிக்கவே இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. காப்பாட்சியர் அளவுகோலை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இறக்கை உடையலை. அவங்க முன்னாடி நீயே அளந்து, நடந்ததை நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்." அவன் குனிந்தபடியே கை நீட்டினான். அவர் அளவுகோலை விடவில்லை.

"முதல்ல என் மூஞ்சியைப் பாரு."