திசை தப்பிய அம்பு

அன்று காலை துப்பறிவாளர் குசுமோட்டோவைத் தேடி வந்த இகவா, இழவு வீட்டுக்குப் போகும் கறுப்புக் கோட்டில் இருந்தார். செத்தவர் யாருமில்லை, தங்கமீன் ஒன்று களவு போயிருந்தது. ஒகயாமா கண்காட்சியில் போன ஆண்டு முதல் பரிசு வாங்கிய மீன்.

"மத்தியானம் போட்டி. விடுதி அறை சூடு மீனுக்கு ஆகாதுன்னு பெட்டியை வண்டியிலேயே வச்சோம். டிரைவர் முகாய் ஆத்தோரம் திறந்தவெளியில நிறுத்திட்டு, ராத்திரி முழுக்க அதுலயே படுத்திருந்தாரு. செனா வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போனதைப் பாத்தாராம். தண்ணி மாத்தத்தான்னு நெனச்சிட்டாராம்."

"செனா யாரு?"

"மீனைக் குஞ்சுலேருந்து வளர்த்த பொண்ணு. எடுக்கலைன்னு சாதிக்கிறா. போட்டிக்குள்ள மீன் வரலைன்னா போலீஸ்தான். அப்புறம் இந்த ஊர்ல எவனும் அவ கையில வாளியைக்கூடக் கொடுக்க மாட்டான்."

உதவியாளன் தமாகி துள்ளினான். "வளர்த்த பாசம்! கேஸ் முடிஞ்சுது, குசுமோட்டோ-சான்."

"டீயைக் குடி" என்றாள் குசுமோட்டோ. "இகவா-சான், காலையில வேற ஏதாவது விசித்திரமா?"

"ஜி.பி.எஸ்.சுக்கும் துக்கம் தாங்கல. முகாய் விடுதி வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்தாரு, ஏறினேன். நாங்க கிழக்கே போறோம், திரையில வண்டியைக் காட்டற அம்பு மேற்கே பாத்துக்கிட்டுப் பின்னாடியே நகருது. 'திரும்புங்க, திரும்புங்க'ன்னு ஒரே கெஞ்சல். பாலம் தாண்டினதும் தானா தெளிஞ்சிடுச்சு."

குசுமோட்டோ கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் டீயைப் பாதியில் விட்டு தமாகி பார்த்ததில்லை.

கீழே வண்டியருகே முகாயும் செனாவும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றார்கள். குசுமோட்டோ வண்டியின் முன்பெட்டியிலிருந்து ஜி.பி.எஸ். கையேட்டை எடுத்தாள். உறைகூடப் பிரிக்கவில்லை. நாட்டில் மிக அதிகம் அச்சாகி, மிகக் குறைவாகப் படிக்கப்படும் இலக்கியம் அதுதான் என்பது தமாகியின் கணிப்பு. அவளோ அதைக் காலை உணவோடு படிக்கும் ரகம்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் விடுதிகிட்ட கார்களை லிஃப்டுல ஏத்தி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற பார்க்கிங் கோபுரம் இருக்கா?"

"பின்தெருவுல ஒண்ணே ஒண்ணு" என்றார் இகவா. முகாய் தன் காலணியை ஆராயத் தொடங்கினார்.

எல்லாரும் அங்கே போனார்கள். குசுமோட்டோ வண்டியை முகம் உள்சுவரைப் பார்க்கத் தட்டில் ஏற்றி, அணைத்து, இறங்கினாள். கதவு மூடியது. கோபுரம் வண்டியை விழுங்கிக் கொஞ்ச நேரம் மென்றது. கதவு திறந்தபோது வண்டி முகத்தை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. அவள் சாவியைத் திருப்பினாள்.

திரையில் அம்பு, கோபுரத்தின் உள்சுவரைப் பார்த்து நின்றது.

தமாகி திரைப் பக்கம் குனிந்தான். "இடம் சரி. திசை மட்டும் நேர்மாறு."

"இடத்தை வானத்துல சுத்தற செயற்கைக்கோள் சொல்லிடும். நிக்கிற வண்டி எந்தப் பக்கம் பாக்குதுன்னு அதுக்குத் தெரியாது. கருவிதான் தன் திருப்பங்களைத் தானே நினைவு வச்சுக்கணும். அணைச்சு வச்ச நேரத்துல யாராவது திருப்பிட்டா?"

தூளியோடு திருப்பிப் போட்ட குழந்தை கண் திறந்ததும் திசை தெரியாமல் முழிப்பது போலத்தான். எத்தனையோ ஆயிரம் மைல் உயரத்திலிருந்து சேதி வந்தும், தன் முகம் எந்தப் பக்கம் என்று அறியாத அந்தச் சிறு அம்பை தமாகி பார்த்துக்கொண்டிருந்தான். வழி தப்பியபோதெல்லாம் ஜி.பி.எஸ்.ஸைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

"இந்தக் கோபுரத்துக்குள்ள இருக்கற மாதிரி சுழல்மேடையில திரும்பினா இப்படி ஆகும், கொஞ்ச தூரம் ஓட்டினா சரியாகும்னு கையேட்டுலயே போட்டிருக்கு. ஆத்தோரத்துத் தரை சுழலாது, முகாய்-சான். வண்டி ராத்திரி இங்கே இருந்தது. காலையில இங்கிருந்து நேரா விடுதி வாசலுக்குப் போனீங்க. அப்போ ஆத்தோரத்துல செனாவை எந்த வண்டியிலேருந்து பாத்தீங்க?"

"அது பழைய மெஷின்..." என்றார் முகாய்.

"கோபுரத்தை ஒட்டின இந்தக் கட்டடத்து மாடி யாரோடது?"

இகவா பெயர்ப்பலகையை நிமிர்ந்து படித்தார். கதொவாகி. போன ஆண்டு இரண்டாம் பரிசு வாங்கியவர்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒளிச்சு வைக்கச் சொன்னாரு" என்று முகாய் முனகும்போதே செனா படியேறியிருந்தாள்.

அவள் பெட்டியோடு இறங்கி வந்து, யாரையும் பாராமல் தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்த்தாள். மீன் சோம்பலாக வாய் திறந்து மூடியது. அப்போதுதான் அவள் கண் கலங்கியது. இகவா அவளிடம் மன்னிப்புக் கேட்டு இடுப்பு ஒடியக் குனிந்தார், நிமிரவே இல்லை.

"குனிஞ்சது போதும், இகவா-சான்" என்றாள் செனா. "அப்படியே அந்தப் பக்கத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. ஆட்டாம."

பரிசுக் கோப்பையை மட்டுமே தூக்கிப் பழகிய இகவா, அவள் சொன்ன தாளத்துக்கு அடி எடுத்து வைத்து, முதல்முறையாகத் தன் மீனைச் சுமந்தார்.