பாவைமீட்பியில் வந்த அம்மா

நான்காம் மாடி துரையரசன் வீட்டுக்குப் பூட்டன் வந்துவிட்டார் என்று சேதி பரவியதும், காட்டூர் அடுக்ககத்தில் பாதிப் பேர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார்கள். கூடத்துத் திரையில் ஆளுயரத்துக்கு நின்றார் பூட்டன். அதே விடைத்த காது, அதே அகன்ற மூக்கு.

"உரிச்சு வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார்கள் எல்லாரும். துரையரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மூக்கைப் பற்றி அதுவரை அவர் பெருமைப்பட்டதில்லை.

எல்லாம் பாவைமீட்பியின் உபயம். மேகக்கிடங்குகள் அழிந்த ஆண்டில் உலகத்தின் படங்கள் மொத்தமாகப் போயின. மிஞ்சியவை, எப்போதோ காகிதத்தில் அச்சிட்டு அலமாரியில் மறந்துபோனவை மட்டும். அவற்றில் இருந்தவர்கள் கிடைத்தார்கள், எடுத்தவர்கள் கிடைக்கவில்லை. பாவைமீட்பி என்ற சேவை அந்தக் குறையைத் தீர்த்தது. படத்தில் இருப்பவரின் கருமணியைப் பெரிதாக்கி, அதில் விழுந்த பிம்பத்தைப் பிடித்து, எதிரே நின்று படம் எடுத்தவரை எழுப்பியது. விண்ணப்பிப்பவர் முதலில் தன் முகத்தைக் காட்ட வேண்டும். அடையாளச் சோதனை என்று நினைத்து எல்லாரும் காட்டினார்கள்.

மூன்றாம் மாடி யாழிசை மட்டும் பூட்டனைப் பார்க்கப் போகவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவள், நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. இரண்டு வயதில் அம்மாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பதினொரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது புருவம் பிளந்தவள். இதெல்லாம் எதிர்வீட்டு எஸ்தருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. எஸ்தருக்குத் தெரியாதது அந்த அடுக்ககத்தில் நடப்பதில்லை.

யாழிசையிடம் இருந்தது ஒரே படம். பத்து மாதக் குழந்தையாக அவளே பாயில் உட்கார்ந்து சிரிக்கிறாள். 'எடுத்தது அம்மா' என்று பின்புறம் அப்பாவின் கையெழுத்து. அம்மாவின் முகம் அவளுக்குத் தெரியாது.

"குடுத்துத்தான் பாரேன்டி" என்றாள் எஸ்தர்.

"பயமா இருக்குக்கா. ஒண்ணும் வரலைன்னா, வரும்கிற நெனப்பும் போயிடும்." உருப்பெருக்கியை எஸ்தரிடம் நீட்டினாள். "இதுல பாருங்க. ஒரு நிழல், தூக்கின கை, கையில செவப்பா ஏதோ. இத்தனை வருஷமா இவ்வளவுதான்."

எஸ்தர் பார்த்தாள். அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"கருமணிக்கு இங்கிலீஷ்ல பியூப்பில்னு பேரு. அது சின்னப் பொம்மைங்கிற லத்தீன் சொல்லுலேருந்து வந்தது. ஒருத்தர் கண்ணை உத்துப் பாத்தா உள்ள பொம்மை மாதிரி ஒரு ஆள் தெரியும்ல, அதான். நாமளும் பாவைன்னுதானே சொல்றோம்" என்றாள் யாழிசை.

"எட்டிப் பாக்கிற பழக்கம் அங்கயும் உண்டுன்னு சொல்லு."

யாழிசை சிரித்தாள். "அந்தப் பொம்மை யாரு தெரியுமாக்கா? பாக்கிறவங்களேதான்." படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "தாய் தகப்பன் இல்லாம அடுத்தவங்க பொறுப்புல வளர்ற பிள்ளைக்கும் அதே பியூப்பில்ங்கிற சொல்லைத்தான் வச்சாங்க. மாணவர்ங்கிற அர்த்தமெல்லாம் அப்புறம் வந்தது."

எஸ்தர் உருப்பெருக்கியைத் திருப்பிக் கொடுத்தாள்.

யாழிசை விண்ணப்பித்தாள். அடுத்த வாரம் அம்மா வந்தாள். நீள முகம், சற்றே முன்துருத்திய பல், தூக்கிய வலது கையில் சிவப்புக் கிலுகிலுப்பை. மூன்றாம் மாடியே கூடி நின்று 'உரிச்சு வச்ச மாதிரி' என்றது. யாழிசை திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை.

எஸ்தருக்கோ வேறொரு நமைச்சல். எடுத்தது அம்மா என்று எழுதியது யார்? மனைவி போன ஆறாம் மாதம் மறுகல்யாணம் செய்த அப்பா. அவர் எழுத்தை நம்பலாமா? யாழிசை காபி போட உள்ளே போன நேரத்தில் அந்தப் படத்தை நகலெடுத்து வந்து, தன் பெயரில் விண்ணப்பித்தாள்.

திரையில் எழுந்து நின்றது எஸ்தர். இளமையான எஸ்தர், மோவாயில் அதே மரு, தூக்கிய கையில் அதே சிவப்புக் கிலுகிலுப்பை.

தன் குடும்பத்துக்கும் யாழிசை குடும்பத்துக்கும் ஏதோ தொடுப்பு இருந்திருக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. எந்தத் தாத்தாவின் மேல் பழியைப் போடலாம் என்று கால்மணி நேரம் யோசித்தாள். பிறகு துரையரசன் எல்லாருக்கும் அனுப்பியிருந்த, பூட்டன் எடுத்த பூட்டியின் படத்தைக் கொடுத்துப் பார்த்தாள். மீசை வைத்த எஸ்தர் வந்தாள்.

பாவைமீட்பியின் உதவி எண்ணில் பேசியவன் பணிவாகவே விளக்கினான்.

"காகிதப் படத்துல ஒரு கண்ணுக்குப் பத்துப் பதினஞ்சு ஒளிப்புள்ளிதாம்மா கிடைக்கும். கை, நிக்கிற விதம், நிறம், ஆணா பொண்ணாங்கிறது எல்லாம் அதுலேருந்து வரும். முகம் வராது. விண்ணப்பிக்கிறவங்க முகத்தை வச்சு அதை நிரப்பிடுவோம். சொந்தக்காரங்கதானே கேப்பாங்க. நிபந்தனையில இருக்கு, நீங்களும் சம்மதம் குடுத்திருக்கீங்க."

"யாரும் புகார் பண்ணலையாப்பா?"

"வர்றதெல்லாம் நன்றிக் கடிதம்தாம்மா. ஜாடை அப்படியே இருக்குன்னு."

இவ்வளவு பெரிய சேதி எஸ்தரின் கைக்கு எப்போதும் வந்ததில்லை. எட்டே எட்டு வைத்தால் எதிர்வீடு. போனாள்.

யாழிசை திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தலையை அம்மாவைப் போலவே வகிடெடுத்து வாரியிருந்தாள்.

"வாங்கக்கா. அம்மா புருவத்தைக் கவனிச்சீங்களா?"

இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அதே இடம், அதே நீளம்.

"அம்மாவும் சைக்கிள்லேருந்து விழுந்திருப்பாங்க போல" என்றாள் யாழிசை, திரும்பாமல்.

எஸ்தர் குனிந்து திரையைப் பார்த்தாள். "எப்போ பாத்த?"

"முதல் நாளே."

"அப்ப ஏன்டி..."

"நாப்பத்து நாலு வருஷமா நினைச்சுக்க ஒரு முகம் இல்லக்கா. இது பொய்னாலும் முகம்தானே."

எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நகலெடுத்ததை ஒப்புக்கொண்டு, தனக்கு வந்த படத்தைத் திரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மருவும் மோவாயுமாகத் தன்னைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"முகத்தை விடு. கையைப் பாரு. உனக்கு வந்ததுலயும் அதே கை, எனக்கு வந்ததுலயும் அதே கை. என் கை இப்படி வளையாதுடி. உன்னுதும் வளையாது."

யாழிசை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், அம்மாவின் முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். மிச்சம் இருந்தது மணிக்கட்டைப் பின்னால் வளைத்துத் தூக்கிய ஒரு கையும், சிவப்பாக ஒரு கிலுகிலுப்பையும்.

"ஆட்டுறாங்கக்கா" என்றாள்.

அதைப் பார்த்துத்தான் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஐந்தாம் மாடியில் ஒரு பெரிய அத்தை வந்தாள். எஸ்தரும் போனாள். உரிச்சு வச்ச மாதிரி இருக்கு என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னாள். கேமரா பிடிக்காத அத்தையின் இன்னொரு கை வயிற்றை இறுகப் பிடித்திருந்தது. எஸ்தரைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.