தண்ணீர் தொடாத தடம்

அது அவர் கால்தான். சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தாலியை வாங்கிவிடுவார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும்வரை பஸ்ஸில் பொன்னிக்கு இதே நினைப்புதான். மேல வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டில், வினோதினி அம்மாளின் எதிரே உட்கார்ந்த பிறகும் அதை வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை. வினோதினி தடய அறிவியல் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீராத சந்தேகத்தோடு யாராவது வந்தால் பொறுமையாகக் கேட்பார். அவசரப்படுத்துவதற்கு ஆரோக்கியராஜ் இருந்தார். முன்பு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். இப்போது கேமராவும் கையுமாக வினோதினி போகிற இடமெல்லாம் போகிறவர்.

“பேய்னு சொல்றியாம்மா?” என்றார் ஆரோக்கியராஜ், நாற்காலியின் நுனிக்கு வந்து.

“நான் சொல்லலீங்க. ஊர்ல சொல்றாங்க.”

பொன்னி மெல்லச் சொல்லத் தொடங்கினாள். மாசி மகம் கழிந்த வாரம் அவள் கணவன் ராஜவேலும் அவளுடைய தம்பி ஹரிஷும் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனார்கள். தம்பியின் உடல் கரை ஒதுங்கியது. போட்டும் ஒதுங்கியது. கவிழ்ந்திருக்கும் என்றார்கள். ராஜவேலைக் கடல் திருப்பித் தரவில்லை. ஊர் பொறுத்துப் பார்த்தது. இனிமேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதிக்கு நாள் குறித்துவிட்டது.

“இப்ப காலையில வாசல் தெளிக்கிறேங்க. சிமெண்டுத் தரை நனைஞ்சு கறுக்குது. அதுல கால் காலா மட்டும் நனையாம வெளுப்பா நிக்குது. காஞ்சா மறைஞ்சிடுது. மறுநாள் தெளிச்சா அதே இடத்துல வருது. எங்க அத்தை தொடப்பம் தேயற வரைக்கும் தேச்சுப் பாத்தாங்க. போகல.” அவள் குரல் இறங்கியது. “இடது கால்ல சுண்டு விரல் இல்லீங்க. அவருக்கும் அந்த விரல வலைக்கயிறு அறுத்து எடுத்துடுச்சு.”

ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

“நீ என்ன நெனக்கிற?” என்று வினோதினி கேட்டார்.

“சுனாமியப்ப எங்க சித்தப்பா செத்துட்டாருன்னு மொட்டை போட்டு, எல்லாம் முடிச்சாங்க. அப்புறம் ஆளு வந்து நின்னாரு. செத்ததா கணக்கு வெச்ச ஆளு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு கொல்லப் பக்கமாத்தான் உள்ள உட்டாங்க. அந்த மாதிரி…” அதற்கு மேல் அவளால் முடிக்க முடியவில்லை. ஆசைப்படுவதே ஒரு குற்றம் போல இருந்தது. தம்பி போய்விட்டான், தன் ஆள் மட்டும் திரும்பி வர வேண்டும் என்று கேட்க அவளுக்கு என்ன உரிமை?

“ராஜவேல் வேற ஏதாவது வேலை பாத்தாரா?”

“சிதம்பரத்துல ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருக்குதுங்க. சக்கரபாணி சார்னு ஒருத்தர். போட்டு அடியில சிப்பி ஒட்டாம இருக்க ஏதோ பூச்சு கண்டுபிடிச்சிருக்காரு. அத எங்க போட்டுல பூசிப் பாத்தாங்க. கிள்ளையில அவங்களுக்கு ஒரு கொட்டாய். உப்பங்கழியில பூச்சு பூசின தகடு தகடா தொங்க உட்டிருப்பாங்க. அதையும் இவர்தான் பாத்துக்கிட்டாரு.”

வினோதினி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். “சக்கரபாணிய நாளைக்குக் காலையில பொன்னி வீட்டுக்கு வரச் சொல்லுங்க ராஜ்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவர்கள் பொன்னியின் மீனவர் குப்பத்துக்கு வந்தபோது கடலில் அலையே இல்லை. காற்று செத்துக் கிடந்தது. பொன்னியின் மாமியார் செல்லாயி வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கிற பெண், வாய்க்கு அஞ்சாதவள்.

“போட்டா புடிக்க வந்துட்டாரு. கல்யாணமா நடக்குது இங்க?” என்றாள் ஆரோக்கியராஜைப் பார்த்து.

“நீங்க சிரிச்சா உங்களையும் புடிப்பேன் ஆயா.”

“எம்புள்ள கடல்ல கெடக்கான். நான் சிரிக்கறனா?”

வீட்டுக்குள் சுவரில் ராஜவேலின் படம் இருந்தது. மாலை இல்லை. பக்கத்திலேயே ஹரிஷின் படத்துக்குச் செவ்வந்தி மாலையும் விளக்கும் இருந்தன. வினோதினி அதைப் பார்த்ததைப் பொன்னி கவனித்தாள். “கருமாதி அன்னிக்குப் போட்டுக்கலாம்னு அத்தை சொன்னாங்க” என்றாள்.

“வியாபாரத்துக்கு எங்க போறாங்க உங்க அத்தை?”

“முன்னெல்லாம் துறைமுகந்தான். இப்ப எறா வாங்கறேன்னு கிள்ளைக்குப் போறாங்க. பாதி நாள் வெறுங்கூடையோடதான் வராங்க.”

பொன்னி வாளியை எடுத்து வாசலில் தண்ணீர் தெளித்தாள். சாம்பல் நிறத் தரை மெல்லக் கறுத்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து, யாரோ கீழேயிருந்து தள்ளுவதுபோல, ஒவ்வொன்றாக வெளுத்த பாதங்கள் எழுந்தன. குதிகால், உள்வளைவு, விரல்கள். இடது பாதத்தில் நான்கே விரல்கள். ஆரோக்கியராஜ் குனிந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்.

“இந்தத் தரை எப்ப போட்டது?” என்றார் வினோதினி.

“போன மாசக் கடைசியிலங்க. கருமாதிக்கு ஜனம் வரும்னு அத்தைதான் போடச் சொன்னாங்க.”

வினோதினி குந்தி உட்கார்ந்து ஒரு பாதத்தின்மேல் விரல் நுனியால் ஒரு சொட்டு விட்டார். சொட்டு பரவவில்லை. சேம்பிலை மேல் விழுந்ததுபோல உருண்டு வழிந்தது. பிறகு தடம் தொடங்கும் இடத்துக்குப் போனார். அது கடல் பக்கமாக அல்ல. வாசல் மூலையில், கால் கழுவத் தண்ணீர் வைத்திருக்கும் வெள்ளைக் கேன்களுக்குப் பக்கத்தில் தொடங்கியது. அங்கிருந்து வாசற்படிவரை வந்து, நின்று, சுவரோரமாகத் திரும்பி, கொல்லைப்புற மணலில் முடிந்தது. கேன்களில் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை.

அந்த நேரத்தில் சக்கரபாணி காரிலிருந்து இறங்கினார். கேனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இது எங்க பூச்சு. மிச்சமானதைத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லியிருந்தேன்.”

“இது என்ன செய்யும், இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“ஒரு தலைமுடியோட குறுக்களவ ஆயிரம் கூறு போட்டா எவ்வளவு இருக்கும், அவ்வளவு சின்னத் துகள். நானோன்னு சொல்லுவோம். பூசினா கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமா ஒட்டிக்கும். பள்ளத்துக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு திரவம் நிக்கும். தண்ணியும் ஒட்டாது, சிப்பியும் ஒட்டாது. வழுக்கிட்டுப் போயிடும்.”

“பார்த்தீங்களா மேடம்” என்று ஆரோக்கியராஜ் துள்ளினார். “ராஜவேலோட கால் மாதிரி அச்சு செஞ்சு, பூச்சுல தொட்டு வெச்சிருக்காங்க. ஆவி வந்துடுச்சுன்னு பயந்து கருமாதிய முடிச்சிடுவாங்க. பூச்சு பூசின போட்டு கவுந்த விஷயமும் அதோட முடிஞ்சிடும். இதனால யாருக்கு லாபம்?” அவர் பார்வை சக்கரபாணியின்மேல் நின்றது.

“நான் ஏன் சார் என் பூச்சையே ஊரறிய வாசல்ல பூசி வைக்கணும்?” என்றார் சக்கரபாணி வெடுக்கென்று.

“அச்சு இல்ல ராஜ்” என்றார் வினோதினி. “அச்சா இருந்தா எல்லாம் ஒண்ணுபோல இருக்கும். இதுல ஒரு கால் அழுந்தியிருக்கு, ஒண்ணு இழுத்திருக்கு. படிக்கிட்ட விரல் மட்டுந்தான் பதிஞ்சிருக்கு. தயங்கியிருக்கான். தரை போட்டதே அந்தப் போட்டு கவுந்த பிறகு. அப்படின்னா இந்தக் கால் அதுக்கப்புறம் வந்தது.”

“அதைத்தாம்மா ஊரே சொல்லுது. ஆவின்னு” என்றாள் செல்லாயி.

“ஆவிக்குக் கால்ல மணல் ஒட்டாதும்மா. வந்தவன் மணலைக் கழுவிக்கத்தான் மூலைக்குப் போயிருக்கான். இருட்டுல தண்ணிக் கேனுக்குப் பதிலா இந்தக் கேன எடுத்து ஊத்தியிருக்கான். கழுவின காலோட படிவரைக்கும் வந்தவன் ஏன் ஏறல? பேய்க் கதை கட்டறவனா இருந்தா தடத்தைக் கதவுவரைக்கும் கொண்டு போயிருப்பான். இவன் கொல்லைப் பக்கம் போயிருக்கான். தன்னைச் செத்தவன் கணக்குல ஊர் வெச்சிடுச்சுன்னு தெரிஞ்சவன். உசுரோட வரவன் எந்த வழியா வரணுங்கறதும் தெரிஞ்சவன்.”

அப்படியானால் அவர் உயிரோடு இருக்கிறார். பொன்னியின் நெஞ்சில் ஏதோ அவிழ்ந்து கொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கொல்லைக் கதவுக்கு உள்பக்கந்தான் தாழ்ப்பாள். உள்ள இருந்து யாரோ தொறந்திருக்கணும். வீட்டுல ரெண்டே பேர். ஒருத்தி சிதம்பரம் வரைக்கும் வந்து என்கிட்ட கேக்கறா.” வினோதினி செல்லாயியின் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. “ஊர் குறிச்ச நாளுக்குச் சரின்னதும் நீங்க, தரை போட்டதும் நீங்க. ஆனா படத்துக்கு மட்டும் மாலை போட உங்களுக்குக் கை வரல. உசுரோட இருக்கற புள்ளைக்கு எந்தத் தாய் போடுவா?”

செல்லாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“சார், கிள்ளைக் கொட்டாய்க்கு எத்தனை சாவி?”

“ஒண்ணுதான். ராஜவேலோட போயிடுச்சு. அப்புறம் யாரும் அங்க போகல” என்றார் சக்கரபாணி.

“இவங்க போறாங்க. வெறுங்கூடையோட வர நாளெல்லாம்.”

“எதுக்குங்க ஒளியணும்?” என்றாள் பொன்னி. “என்ன தப்பு செஞ்சாரு?”

வினோதினி வாளியைத் தூக்கிக்கொண்டார். கரையில் இழுத்துப் போட்டிருந்த போட்டை நோக்கி நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். வாளித் தண்ணீரைப் போட்டின் உள்தட்டில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம்கூட நிற்காமல் முத்து முத்தாக ஓடி மூலையில் சேர்ந்தது.

“ஐயோ” என்றார் சக்கரபாணி. “வெளி அடிப்பக்கத்துக்கு மட்டும்னு சொன்னேனே.”

“செதிலும் ரத்தமும் ஒட்டாம இருக்கும், கழுவற வேலை மிச்சம்னு ராஜவேல் நெனச்சிருப்பான். இதுல ஈரக் காலோட வலை இழுத்தா…” வினோதினி நிறுத்திக்கொண்டார்.

முடிக்கத் தேவையிருக்கவில்லை. வலையின் தலைக்கயிற்றை எப்போதும் ஹரிஷ்தான் இழுப்பான். பொன்னிக்குள் சற்று முன்பு வந்த சந்தோஷம் போகவில்லை. அதுதான் அவளுக்குப் பயங்கரமாக இருந்தது. அது அங்கேயே இருந்தது, தம்பி இவரால்தான் போனான் என்பதும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கிள்ளைக் கொட்டகையைச் சுற்றி அலையாத்தி மரங்கள் வேரை விரித்து நின்றன. கழியின் நீர் அசையவே இல்லை. மற்றவர்கள் காருக்குப் பக்கத்தில் நின்றுகொள்ள, பொன்னியோடு போன செல்லாயி கதவைத் தட்டி, “நாந்தாண்டா” என்றாள்.

கதவு திறந்தது. ராஜவேல் பாதியாய் இளைத்திருந்தான். அம்மாவின் பின்னால் பொன்னியைக் கண்டதும் உள்ளே பின்வாங்கினான். வரிசையாகத் தொங்கிய தகடுகளில் அவன் உருவம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

“வழுக்கி உழுந்துட்டான் பொன்னி. தலையில அடி. குதிச்சுத் தேடினேன். போட்டும் போயிடுச்சு. நீந்தி இந்தப் பக்கம் ஒதுங்கினேன்.” அவன் தரையைப் பார்த்தே பேசினான். “பூச வேணாம் மச்சான், கால் நிக்காதுன்னு அவன் சொன்னான். நாந்தான் கேக்கல.”

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொட வேண்டும் போலவும் இருந்தது, தொட்டால் தாங்காது போலவும் இருந்தது.

“ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தேன், உங்கிட்டச் சொல்லிடலாம்னு. அம்மாதான் கொல்லைக் கதவத் தொறந்துச்சு. நீ உள்ள தூக்கத்துல ‘தம்பி தம்பி’ன்னு பொலம்பிக்கிட்டிருந்த. போயிட்டேன்.” தொங்கிய தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “ஞாயித்துக்கெழம நடக்கறது நடக்கட்டும். நான் மங்களூர் பக்கம் போயிடறேன். செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். உங்கம்மா மூஞ்சிய என்னால பாக்க முடியாது பொன்னி. நீ ஒருநாள் கருமாதியில போயி உக்காந்தா போதும்.”

“ஒரு நாள் அழுதா போதும்டி” என்றாள் செல்லாயி. இவ்வளவு கெஞ்சலாக அவள் பேசிப் பொன்னி கேட்டதில்லை. “அவன் உசுர காப்பாத்திக் குடு.”

பொன்னி தலையை அசைத்தாள். கோபமாகக்கூட அசைக்கவில்லை.

“மாட்டேன் மாமா” என்றாள். “உசுரோட இருக்கறவருக்கு நான் தாலி அறுத்துக்க மாட்டேன். எங்கம்மா அவங்க வீட்டுலதான் இருக்காங்க. வந்து தம்பி எப்படிப் போனான்னு நீங்களே சொல்லுங்க. அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”